சிரிப்புக்கு ஓய்வு வயது உண்டா?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘ஐம்பதுக்கு மேல் நகைச்சுவை மேடை ஏற நினைப்பது அழகா? அசட்டுத்தனமா?’ கோவையில் ‘அழகே!’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே வீற்றிருக்கிற என் இனிய நண்பர்களே! அவிநாசியிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, முன்வரிசை கிடைக்காவிட்டாலும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருக்கிற கொங்கு நாட்டுப் பெருமக்களே! 

எனக்கு முன்னாலே பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய் உட்கார்ந்துவிட்டார். ‘ஐம்பது வயசுக்கு மேலே ஒரு மனுஷன் மேடை ஏறிக் காமெடி பண்ணுகிறேன் என்று கிளம்பினால், அதைவிடப் பெரிய காமெடி வேறே என்ன இருக்கிறது?’ என்று கேட்டார். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். ஐயா, அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு வயசு ஐம்பத்தாறு. கேட்ட இடம் மேடை. கேட்டவுடனே ஊரே சிரித்தது. எங்கள் கட்சியை நான் எழுந்து பேசுவதற்கு முன்னாலேயே அவர் நிரூபித்துவிட்டுப் போயிருக்கிறார்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலிலே தெளிவாக வைத்துக்கொள்வோம். ‘ஸ்டாண்ட்-அப் காமெடி’ என்று ஒன்று வந்திருக்கிறது. நம்ம பிள்ளைகள் ஒரு காபிக் கடையிலே இருபது நாற்காலியைப் போட்டு, ஒரு மைக்கை நட்டு வைத்து, ‘ஓப்பன் மைக்’ என்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பேர் கொடுக்கலாம். ஐந்து நிமிஷம் கொடுப்பார்கள். வேஷம் கிடையாது. பாட்டு கிடையாது. கூட நின்று உதை வாங்க ஒரு ஆள் கிடையாது. தனியா நிக்கோணும். தான் பார்த்ததை, தான் பட்டதைச் சொல்லோணும். எதிரே உட்கார்ந்திருக்கிறவன் சிரிக்கோணும். அவன் சிரிக்கவில்லை என்றால், அந்த ஐந்து நிமிஷம் இருக்கிறதே, அது ஐந்து வருஷம்!

பேருதான் புதுசு. சரக்கு நம்முடையது. தெருக்கூத்திலே கட்டியங்காரன் வருவானே, ராஜாவுக்குக் கட்டியம் கூறுவான், மறு நிமிஷமே அந்த ராஜாவையே கிண்டல் பண்ணுவான், நடுவிலே ஜனங்களைப் பார்த்து ஊர் நியாயம் பேசுவான், அவன் யார்? கையிலே மைக் இல்லாத ஸ்டாண்ட்-அப் காமெடியன்! கதை முழுக்கத் தெரியாதவன், எல்லோருடைய வேஷமும் புரியாதவன், கட்டியங்காரனாக நின்று தாக்குப் பிடிக்க முடியாது.

இப்போது வழக்குக்கு வருகிறேன். இருபது வயசிலே ஒருத்தருக்கு இந்த மேடை மேலே ஆசை. கல்லூரி ஆண்டு விழாவிலே ஒரு தடவை கைதட்டலும் வாங்கிவிட்டார். அப்புறம் வேலை. கல்யாணம். பிள்ளைகள் படிப்பு. வீட்டுக் கடன். தங்கச்சி சீர். முப்பத்தைந்து வருஷம் ஓடிப் போச்சு. ஆசை மட்டும் போகலை. ஒரு நாள் சாயங்காலம் தயங்கித் தயங்கி வீட்டிலே கேட்கிறார், ‘ஏனுங்க அம்மிணி, இப்பவாச்சும் ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டுமா?’ என்று. அவருக்கு இந்தச் சமுதாயம் என்ன பதில் சொல்லப் போகிறது? அதுதான் இன்றைய வழக்கு.

எதிரணி அவர் மேலே மூன்று குற்றம் சாட்டியிருக்கிறது. ஒன்று, பருவம் தப்பிப் போச்சு. இரண்டு, குடும்பப் பொறுப்பு கெட்டுப் போகும். மூன்று, மரியாதை போய்விடும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் குற்றம், பருவம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் முன்னோர் சொன்னார்கள், ஆடியை விட்டவன் ஆவணியிலே அழ வேண்டியதுதான்’ என்றார் எதிரணித் தலைவர். பழமொழி சரிதான். ஆனால் ஐயா, பேசுகிற இடம் கொங்கு நாடு. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் விவசாயிகள். வருஷத்துக்கு ஒரே ஒரு பட்டம்தானா? ஆடிப்பட்டம் போனால் புரட்டாசிப் பட்டம். அப்புறம் கார்த்திகைப் பட்டம். அதுக்கும் மேலே தைப்பட்டம், மாசிப்பட்டம், சித்திரைப் பட்டம்! பயிருக்குத் தக்கன பட்டம்.

நம்ம கரிசல் காட்டிலே கொண்டைக்கடலை போடுகிறோமே, அதை ஆடியிலா விதைக்கிறோம்? ஐப்பசி, கார்த்திகையிலே விதைக்கிறோம். ஊரெல்லாம் பெய்து முடிந்த மழை. அந்த மழை மண்ணுக்குள்ளே நின்ற ஈரம். மேலே விழுகிற பனி. அதை வைத்துக்கொண்டே பூத்துக் காய்த்துவிடும் கொண்டைக்கடலை. மழைக்காலத்திலே போட்டால் அழுகிப் போகும்!

நடுவர் அவர்களே, ஐம்பதுக்கு மேலே வருகிற நகைச்சுவை இருக்கிறதே, அது கொண்டைக்கடலைப் பயிர். ஆபீஸிலே வாங்கிய திட்டு, சம்பந்தி வீட்டிலே பட்ட அவமானம், பேங்க்கிலே நின்ற க்யூ, ஆஸ்பத்திரி வராந்தாவிலே விழித்த இரவு, இதெல்லாம் பெய்து ஓய்ந்த மழை. மண்ணுக்குள்ளே ஈரமாக நிற்கிறது. அந்த ஈரத்திலேதான் சிரிப்பு விளைகிறது. இருபது வயசுப் பையனிடம் வேகம் இருக்கிறது, துடிப்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் மேலே மழை இன்னும் பெய்துகொண்டிருக்கிறது ஐயா! (கைதட்டல்)

எதிரணியிலே தமிழ் படித்த அம்மா ஒருவர், தொல்காப்பியத்தையே எடுத்து வீசினார்கள். மெய்ப்பாடு எட்டிலே நகைதான் முதலாவது. அந்த நகை பிறக்கிற இடம் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ‘பார்த்தீர்களா, இளமை என்று சொல்லிவிட்டார், முதுமை என்று சொல்லவில்லை’ என்றார்கள். அம்மா, நீங்கள் சூத்திரத்தைச் சரியாகச் சொன்னீர்கள். பொருளை எங்களுக்கு விட்டுவைத்தீர்கள், நன்றி! அங்கே இளமை என்றால் சிரிக்க வைக்கிறவனுடைய வயசு இல்லை. சிரிப்புக்குக் காரணமாக இருக்கிற பிள்ளைத்தனம். குழந்தை அப்பாவுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறதே, அந்தப் பிள்ளைத்தனம். அதைப் பார்த்துக் குழந்தையா சிரிக்கிறது? அதைக் கடந்து வந்தவர்கள்தானே சிரிக்கிறோம்! எள்ளலோ, பேதைமையோ, எதுவாக இருந்தாலும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கத் தெரியோணும். அந்தத் தள்ளி நிற்கிற தூரத்துக்குப் பேருதான் வயசு.

சரி, இலக்கணம் போதும். இலக்கியமாக ஒரு ஆளைக் காட்டுகிறேன். வெளியூர் ஆள் வேண்டாம். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்திலே வல்லக்குண்டாபுரம் என்று ஒரு கிராமம். 1939ஆம் ஆண்டு அங்கே சுப்பிரமணி என்று ஒரு பிள்ளை பிறந்தது. வளர்ந்தது, நாடகக் கம்பெனிக்குப் போனது, சென்னைக்குப் போனது. சினிமாவிலே வருஷக்கணக்காகத் தலையைக் காட்டிவிட்டுப் போகிற வேஷம். கூட்டத்திலே ஒருத்தர். 1977ஆம் ஆண்டு ‘16 வயதினிலே’ வருகிறது. அப்போதுதான் ‘யாருப்பா இந்த ஆளு?’ என்று நாடு திரும்பிப் பார்க்கிறது. அன்றைக்கு அவருக்கு 38 வயசு. பேர்? கவுண்டமணி! (பலத்த கைதட்டல்)

கணக்கைத் தொடருங்கள். 1984இல் ‘வைதேகி காத்திருந்தாள்’. ஆல் இன் ஆல் அழகுராஜா. பெட்ரோமாக்ஸ் லைட்டு. அப்போது அவருக்கு வயசு 45. நாற்பத்தைந்திலே நமக்கெல்லாம் கண்ணுக்கு வெள்ளெழுத்து வருகிறது. அவருக்கு அப்போதுதான் வெளிச்சமே வருகிறது! (சிரிப்பு) 1989இல் ‘கரகாட்டக்காரன்’. வாழைப்பழம். வயசு 50. எதிரணி வைத்த எல்லைக்கோடு இருக்கிறதே, ஐம்பது, அந்தக் கோட்டிலே நின்றுகொண்டுதான் அவர் தமிழ்நாட்டையே ஒரு பழத்துக்காகச் சிரிக்க வைத்தார். 2025இல் ‘ஒத்த ஓட்டு முத்தையா’ என்று ஒரு படம், அதிலே அவர்தான் கதாநாயகன். வயசு 85!

எதிரணி குறுக்கே கேட்கும்: ‘அவர் சின்ன வயசிலேயே நாடகத்துக்கு வந்துவிட்டாரே? ஐம்பதிலா ஆரம்பித்தார்?’ நியாயமான கேள்வி. நான் சொல்வது அவர் எப்போது வந்தார் என்பதை இல்லை. எப்போது பழுத்தார் என்பதை. எதிரே நிற்கிறவனை ஏற இறங்க ஒரு பார்வை பார்க்கிறாரே, ‘உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்’ என்கிற பார்வை, அதை இருபது வயசிலே பார்த்தால் திமிர் என்று சொல்லியிருப்போம். நாற்பத்தைந்திலே பார்த்தபோதுதான் அது சிரிப்பு ஆச்சு. அவர் பேசுகிற கொங்குத் தமிழ் இருக்கிறதே, அது நம்ம வீட்டுத் திண்ணையிலே அப்பாரு பேசுகிற தமிழ். திட்டினாலும் அதிலே ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொண்டிருக்கும். மரியாதையாகத் திட்டத் தெரிந்த ஊர் ஐயா இது! ‘சதி லீலாவதி’ படத்திலே 1995இல் கமல்ஹாசன் அவர்களும் நம்ம கோவை சரளா அவர்களும் அந்தத் தமிழைப் பேசித்தானே நாட்டையே சிரிக்க வைத்தார்கள்! அந்தத் தமிழ் யாரிடம் முழுசாக இருக்கிறது? நம்ம வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கிறது. அவர்களை மேடை ஏறாதே என்றால், சிரிப்பை மட்டுமா இழக்கிறோம்? மொழியையும் சேர்த்து இழக்கிறோம்.

இரண்டாவது குற்றம், பொறுப்பு. ‘வேலையை விட்டுவிட்டு, வீட்டை அடகு வைத்து, கனவு கனவு என்று அலைந்தால் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்’ என்றார்கள். இதிலே பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். தோட்டத்தை விற்றுத்தான் மேடை ஏற வேண்டும் என்றால் அந்த மேடை வேண்டாம். ஆனால் மேடைக்கும் வேலைக்கும் சண்டை என்று யார் சொன்னது? தாராபுரத்திலே 1933ஆம் ஆண்டு பிறந்தவர் நாகேஷ். சென்னையிலே ரயில்வேயிலே எழுத்தர் வேலை. வேலையை வைத்துக்கொண்டேதான் நாடகத்துக்குப் போனார். ஒரு நாடகத்திலே வயிற்றுவலிக்காரராகக் கொஞ்ச நேரம்தான் வருகிறார். அதைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். அவர்களே பாராட்டுகிற மாதிரி அந்தக் கொஞ்ச நேரத்தை மாற்றினார். சம்பளம் ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம்.

பொறுப்புக்காகக் கனவை ஒத்தி வைத்த ஒருத்தர் கதை தெரிய வேண்டும் என்றால், நாம் அமெரிக்கா வரைக்கும் போக வேண்டும். ராட்னி டேஞ்சர்ஃபீல்டு என்று ஒரு நகைச்சுவையாளர். 1921இல் பிறந்தவர். பள்ளிக்கூட வயசிலேயே ஜோக் எழுத ஆரம்பித்தார். இருபதுகளிலே மேடையிலே நின்று பார்த்தார். பிழைப்பு நடக்கவில்லை. கல்யாணம் ஆச்சு. குடும்பத்தைக் காப்பாற்றோணும். மேடையை விட்டு இறங்கினார். வீட்டுச் சுவருக்கு வெளியே அடிக்கிற அலுமினியத் தகடு விற்கிற வேலைக்குப் போனார். ஒன்றிரண்டு வருஷம் இல்லை, பத்து வருஷத்துக்கு மேலே! ‘நான் தொழிலை விட்டபோது, விட்டுவிட்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்’ என்று பிற்பாடு அவரே தன்னைக் கேலி பண்ணிக்கொள்வார்.

நாற்பது வயசு வாக்கிலே திரும்பி வந்தார். பகலிலே தகடு, ராத்திரியிலே மேடை. 1967இல், அமெரிக்கா முழுக்கப் பார்க்கிற எட் சல்லிவன் நிகழ்ச்சியிலே அவருக்கு இடம் கிடைத்தது. அன்றைக்கு அவருக்கு வயசு 45. இரண்டே வருஷத்திலே, 1969இல், நியூயார்க்கிலே தன் பேரிலேயே ஒரு நகைச்சுவை அரங்கம் திறந்தார். அந்த மேடையிலே எத்தனையோ இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தார்.

இதிலே கவனிக்க வேண்டியது என்ன? அவர் மேடையிலே திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே விஷயம்: ‘எனக்கு எங்கே போனாலும் மரியாதையே கிடைக்க மாட்டேங்குது!’ வீட்டிலே மரியாதை இல்லை, டாக்டர்கிட்டே மரியாதை இல்லை. அதைத்தான் ஜனங்கள் விழுந்து விழுந்து ரசித்தார்கள். இதை இருபத்திரண்டு வயசிலே சொல்லியிருந்தால், ‘தம்பி, மரியாதை வாங்குகிற மாதிரி இனிமேல்தான் நீ ஏதாவது செய்யோணும்’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டித் தகடு விற்று, முகத்திலே அறைந்த மாதிரி கதவு சாத்தப்பட்டவன் சொல்லும்போதுதான் அது உண்மை. அவர் தொலைத்ததாக நினைத்த வருஷங்கள்தான் அவருடைய மூலதனம். குடும்பத்துக்காகக் கொடுத்த வருஷத்தை வாழ்க்கை அவருக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தது.

மூன்றாவது குற்றம்தான் பெரிய குற்றம். மரியாதை. ‘தாத்தா ஆன பிற்பாடு கோமாளித்தனம் எதுக்கு?’ இதுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

சிங்காநல்லூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருத்தர். நூல் மில்லிலே முப்பது வருஷத்துக்கு மேலே வேலை. ஸ்பின்னிங் கட்டடத்துக்குள்ளே போனவர்களுக்குத் தெரியும், இயந்திரம் ஓடுகிற சத்தத்திலே பக்கத்திலே நிற்கிறவன் கத்தினாலும் காதிலே விழாது. எல்லாம் கைஜாடை. ‘மேஸ்திரி வர்றார்’ என்பதற்கு ஒரு ஜாடை. ‘நூல் அறுந்திருச்சு’ என்பதற்கு ஒரு ஜாடை. ‘டீ குடிக்கப் போலாமா’ என்பதற்கு ஒரு ஜாடை. இவர் அந்த ஜாடையிலே மன்னன். பேசாமலே மேஸ்திரி மாதிரி நடந்து காட்டி, ஷிப்ட் முழுக்கச் சிரிக்க வைத்துவிடுவார்.

மில்லை மூடிவிட்டார்கள். வீட்டிலே உட்கார்ந்தார். நம்ம ஊர்களிலே நகைச்சுவை மன்றம் என்று வைத்து மாசம் ஒரு தடவை கூடுகிறார்களே, அப்படி ஒரு மன்றத்திலே பேர் கொடுக்கலாம் என்று கிளம்பினார். மகன் தடுத்தான். ‘அப்பா, சம்பந்தி வீட்ல என்னப்பா நினைப்பாங்க?’ கேட்காமல் போனார். வாரப் பத்திரிகையிலே படித்த ஜோக்கு நாலைச் சொன்னார். ஒருத்தரும் சிரிக்கலை. மேலே ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் சம்சாரம் காபியைக் கையிலே கொடுத்துவிட்டுச் சொன்னார்களாம்: ‘ஏனுங்க, புஸ்தகத்துல இருக்கறத எதுக்குங்க போய்ச் சொல்றீங்க? அதை அவங்களே படிச்சுக்குவாங்க. நம்ம மில்லுல நடந்ததைச் சொல்லுங்க.’ பெரிய நாடகப் பள்ளியிலே சொல்லிக் கொடுக்கிற பாடத்தை அந்த அம்மா ஒரு டம்ளர் காபியோடு சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்! (கைதட்டல்)

அடுத்த மாசம் போனார். மைக்கைத் தள்ளி வைத்தார். ஒரு ஷிப்டு முழுசையும் கைஜாடையிலேயே நடத்திக் காட்டினார். கேட்க வந்ததிலே பாதிப் பேர் மில் குடும்பம். ஒருத்தர் ஆரம்பித்த சிரிப்பு அரங்கமெல்லாம் பரவிப் போச்சு. பின்வரிசையிலே சில பேர் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். சிரித்ததனாலே வந்த கண்ணீரா, மூடின மில்லை நினைத்து வந்த கண்ணீரா, அதை நான் பிரித்துச் சொல்ல மாட்டேன். கூட்டம் முடிந்ததும் ஒருத்தர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: ‘அடுத்த மாசம் எந்த ஞாயித்துக்கிழமைங்க?’ கேட்டது யார் தெரியுமா? அந்தச் சம்பந்தி! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

மரியாதை போச்சா ஐயா? வந்ததா?

ஆம்பளைக்கே இவ்வளவு தடை என்றால், பொம்பளைக்கு? ‘பொம்பளை சிரிச்சாப் போச்சு, பொகையிலை விரிச்சாப் போச்சு’ என்று பழமொழியே செய்து வைத்திருக்கிறோம். சின்ன வயசிலே சிரிக்காதே என்றோம். கல்யாணத்துக்குப் பிற்பாடு மாமியார் முன்னாலே சிரிக்காதே என்றோம். தானே மாமியார் ஆன பிற்பாடாவது சிரிக்கலாமா என்றால், ‘இந்த வயசிலே என்ன சிரிப்பு?’ என்கிறோம். அப்புறம் எந்த வயசிலேதான் அந்த அம்மா சிரிப்பது? ஒரு பெண்ணுக்கு ஐம்பதுக்கு மேலேதான் கொஞ்சம் மூச்சு விட நேரமே கிடைக்கிறது. அந்த நேரத்தையும் எதிரணி பூட்டி வைக்கப் பார்க்கிறது.

மும்பைப் பக்கம் தீபிகா மாத்ரே என்று ஒரு அம்மா. வீடு வீடாகப் போய்ச் சமைத்து, வேலை செய்து பிழைத்தவர். வயசு நாற்பதைத் தாண்டியவர். 2018ஆம் ஆண்டு அவர் மேடை ஏறிப் பேசியது நாடு முழுக்கப் பரவியது. என்ன பேசினார்? வேலைக்காரிக்குத் தனி லிஃப்ட், தனித் தட்டு என்று வைத்திருக்கிற வீடுகளைப் பற்றிப் பேசினார். சமைக்கிற கை என் கைதான், ஆனால் தட்டு மட்டும் தனியா என்று கேட்கிற கேலி அது. சிரித்தார்கள். சிரித்து முடித்த பிற்பாடு தங்கள் வீட்டுச் சமையலறையை நினைத்துச் சங்கடப்பட்டார்கள். ஆயிரம் கூட்டம் போட்டுச் சொன்னாலும் ஏறாத நியாயம் ஒரு சிரிப்பிலே ஏறியது. அமெரிக்காவிலே லின் ரூத் மில்லர் என்று ஒரு பாட்டி. 1933இல் பிறந்தவர். எழுபது வயசுக்குப் பிற்பாடுதான் இந்த மேடைக்கே வந்தார். அப்புறம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்து, 2021இல் தமது 87ஆம் வயசிலே மறையும் வரைக்கும் முதுமையையே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் ஐம்பதுக்கே பஞ்சாயத்துக் கூட்டியிருக்கிறோம்!

நடுவர் அவர்களே, அழகு என்று சொல்லிவிட்டதனாலே ஏறுகிறவர்களுக்குக் கடமை இல்லை என்று அர்த்தம் இல்லை. எங்கள் அணி மூன்று நிபந்தனை வைக்கிறது.

முதலாவது, இது உழைப்பு. ‘வீட்டிலே எல்லோரும் சிரிப்பாங்க’ என்று நம்பி மேடை ஏறக் கூடாது. வீட்டிலே சிரிக்கிறவர்களுக்கு ராத்திரிச் சோறு நம்ம வீட்டிலேதான்! (சிரிப்பு) எழுதோணும். பத்து வரியை நாலு வரியாகக் குறைக்கோணும். எந்தச் சொல்லிலே சிரிப்பு வெடிக்கிறதோ அதைக் கடைசியிலே வைக்கோணும். சொன்ன பிற்பாடு வாயை மூடிக்கொண்டு நிக்கோணும். அந்த ஒரு நொடி மௌனத்தைத் தாங்கத் தெரிந்தவன்தான் கலைஞன்.

இரண்டாவது, முதல் நாள் சிரிக்காவிட்டால் அடுத்த மாசமும் போகோணும். இளைஞனுக்கு ஒரு தோல்வி வந்தால் உலகமே இடிந்து விழுகிறது. நமக்கு? எத்தனை தோல்வியைப் பார்த்தாச்சு! ‘போச்சாது போ’ என்று துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு கிளம்பத் தெரிந்த வயசு இது. துன்பம் வந்தால் சிரி என்று வள்ளுவரே இடுக்கணழியாமையை ஆரம்பிக்கிறார். அந்தக் குறளுக்கு உரை எழுத ஐம்பது வருஷமாவது வேண்டாமா?

மூன்றாவதுதான் முக்கியம். எளியவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒருத்தருடைய நிறம், உடம்பு, ஜாதி, அவருடைய வறுமை, கட்டின மனைவி, இதையெல்லாம் கேலி பண்ணிக் கைதட்டு வாங்குவது சுலபம். எங்கள் பட்டிமன்ற உலகத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வயசானவர் மேடை ஏறினால் அந்த மேடைக்கு ஒரு கண்ணியம் வரோணும். தன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். தன்னைவிடப் பெரிய இடத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும். கட்டியங்காரன் ராஜாவைக் கேலி பண்ணினான். ராஜாவுடைய வாயிற்காப்போனை இல்லை.

நடுவர் அவர்களே, அரசாங்கமே 2020இல் ஊழியர்களின் ஓய்வு வயசை 58இலிருந்து 59 ஆக்கியது. 2021இல் அதை 60 ஆக்கியது. கோப்பு பார்க்கிறவனுக்கே இரண்டு வருஷம் கூட்டிக் கொடுக்கிற நாட்டிலே, சிரிக்க வைக்கிறவனுக்கு ஐம்பதிலேயே கதவைச் சாத்தலாமா?

கடைசியாக ஒன்றே ஒன்று. எழவு வீட்டுக்குப் போகிறோம். வாசலிலே பெஞ்சிலே உட்கார்கிறோம். இறந்து போனவரைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறோம்? ‘மனுஷன் வந்து உட்கார்ந்தா எடமே கலகலன்னு இருக்குமுங்க.’ ‘என்னமாப் பேசுவாரு தெரியுமுங்களா?’ எல்லோரும் சொல்கிறார்கள். கேட்க வேண்டியவர் மட்டும் உள்ளே படுத்திருக்கிறார். அந்த வார்த்தையை அவர் உயிரோடு இருக்கும்போதே, ஒரு மைக்கைக் கையிலே கொடுத்து, ஒரு கைதட்டலாகச் சொல்லியிருக்கக் கூடாதா ஐயா? (நீண்ட கைதட்டல்)

ஆகவே, ஆசையை நெஞ்சுக்குள்ளே பூட்டி வைத்துக்கொண்டு இந்த அரங்கத்திலே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே! உங்களுக்குள்ளே பெய்த மழை வீணாகவில்லை. ஈரம் இருக்கிறது. இது உங்களுக்கான பட்டம். விதையுங்கள். நடுவர் அவர்களே, ஐம்பதுக்கு மேலே நகைச்சுவை மேடை ஏற நினைப்பது அழகே, அழகே என்று தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.